சுவரில் எழுதியதை அகற்றுவது எப்படி: அறிகுறி பார்த்துச் செய்யும் வழிமுறை

எங்கள் குடியிருப்பின் மதில்சுவர் பஸ் நிறுத்தத்தை ஒட்டி 140 அடி ஓடுகிறது. சென்னையில் இப்படி ஒரு சுவர் வாய்த்துவிட்டால், அது உங்களுடையது என்பது பத்திரத்தில் மட்டும்தான் இருக்கும். நடைமுறையில் அது மாநாட்டுக்கு அழைப்பவர், மூல நோய்க்கு மருந்து தருபவர், போர்வெல் போடுபவர், பூப்புனித நீராட்டு விழா நடத்துபவர், நேற்று இறந்தவரின் மைத்துனர் ஆகியோரின் கூட்டுச் சொத்து. குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக இருந்த ஆண்டுகளில் அந்தச் சுவரை எத்தனை முறை சுத்தம் செய்தேன் என்பதற்குக் கணக்கில்லை. சுத்தம் செய்கிறேன் என்று எத்தனை முறை கெடுத்தேன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது: மூன்று.

முதல் முறை, சிவப்பு எழுத்து ஒன்றை அழிக்க ஒரு லிட்டர் தின்னர் வாங்கி, பழைய துணியோடு காவலாளியிடம் கொடுத்துவிட்டு அலுவலகம் போய்விட்டேன். மாலையில் வந்து பார்த்தால், ஐந்து எழுத்து இருந்த இடத்தில் ஒரு கதவு அளவுக்கு ரோஜா நிறப் படலம். அதன் நடுவே எழுத்து இன்னும் வாசிக்கும்படியே இருந்தது. சிவப்பை மட்டுமல்ல, சுவரின் எமல்ஷனையும் தின்னர் கரைத்து, இரண்டையும் குழைத்துப் பூசிவிட்டது. எங்கள் பெயின்டர் வந்து பார்த்துவிட்டு, "எழுதியவன் செய்ததற்கு ஒரு கோட் போதும் சார். நீங்கள் செய்ததற்குத்தான் மூன்று கோட் ஆகும்" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்ததையும் நானே பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். உங்கள் சுவரில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதலில் உள்ள ஐந்து நிமிடச் சோதனையை மட்டும் தாண்டிவிட வேண்டாம். சுவர்கள் பாழாவதில் பாதி இந்தச் சோதனையைச் செய்யாததால்தான்.

தொடுவதற்கு முன்: எதனால் எழுதியிருக்கிறது?

எழுத்தின் ஓரத்தில், நாலு பேர் கண்ணில் படாத மூலையில், விரற்கடை அளவு இடத்தில் மட்டும் சோதியுங்கள். வரிசை முக்கியம்.

முதலில் உலர்ந்த விரல். தேய்த்ததும் கறுப்பாக ஒட்டினால் கரி. மாவு போல ஒட்டினால் சாக்பீஸ் அல்லது சுண்ணாம்பு. கரி என்று தெரிந்தால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். ஈரம் பட்டதும் கரித்தூள் சுவரின் துளைகளுக்குள் இறங்கிச் சாம்பல் நிறத் திட்டாகிவிடும். உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, கெட்டியாகப் பிசைந்த கோதுமை மாவை உருட்டி ஒற்றி ஒற்றி எடுங்கள். சப்பாத்திக்குப் பிசைந்ததில் ஒரு உருண்டை போதும். வீட்டில் திட்டு விழலாம், கரி வந்துவிடும்.

அடுத்து ஈரத் துணி. நிறம் துணியில் ஏறினால் அது தண்ணீரில் கரையும் சரக்கு: டிஸ்டெம்பர், கலர் பவுடர், போஸ்டர் கலர்.

அதற்கும் அசையாவிட்டால், மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. ஊதாவோ நீலமோ ஓடினால் மார்க்கர் பேனா.

கடைசியாகத்தான் தின்னர், அதுவும் காது குடையும் பஞ்சுக் குச்சியின் முனையில் ஒரு சொட்டு. எழுத்து இளகினால் எனாமல் அல்லது ஸ்பிரே. எழுத்தோடு சுவரின் நிறமும் சேர்ந்து வந்தால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். என் ரோஜா நிறக் கதவு அப்படித்தான் தொடங்கியது.

எதற்கும் மசியாமல், நகம் வைத்தால் உள்ளே இறங்குகிறதா? அது கீறல். அதைத் துடைத்துப் பயனில்லை. பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டு, பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

அறிகுறி: போஸ்டரைக் கிழித்தால் பாதி வருகிறது, பாதி சுவரிலேயே நிற்கிறது

போஸ்டர் ஒட்டும் பசை மைதா மாவைக் காய்ச்சியது. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பவர்களும் உண்டு. நள்ளிரவு தாண்டியதும் இரண்டு பேர் வண்டியில் வருவார்கள். ஒருவர் வாளியில் துடைப்பத்தைத் தோய்த்துச் சுவரில் பசையை இழுப்பார். மற்றவர் தாளை விரிப்பார். மேலே இன்னொரு இழுப்பு. ஒரு போஸ்டருக்கு அரை நிமிடம்கூட ஆகாது. மேலிருந்தும் கீழிருந்தும் பசை ஊறிய அந்தத் தாள் காய்ந்ததும் அப்பளம் போல விறைத்துவிடும். கையால் கிழித்தால் மேல் தோல் மட்டும் உரியும். அடியில் இருப்பதை அவசரப்பட்டுச் சுரண்டினால் எமல்ஷனும், சில சமயம் பட்டியும் கூடவே வரும்.

செய்ய வேண்டியது சுரண்டல் அல்ல, ஊறவைத்தல். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சலவைத்தூள் கரைத்துக்கொள்ளுங்கள். நல்ல சலவைத்தூள்களில் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதி இருக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பைவிட அது இங்கே நன்றாக வேலை செய்யும். போஸ்டரின் மேல் விளிம்பில் தூரிகையால் தடவி வழியவிடுங்கள். பல அடுக்கு போஸ்டர் என்றால் தண்ணீர் மேல் தாளோடு நின்றுவிடும். அதனால் முதலில் தாளின் மேல் மட்டும் பட்டும்படாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை நனைத்துவிடுங்கள். பிறகு பட்டி வைக்கும் தகட்டைச் சுவரோடு சாய்த்து, ஏறக்குறையப் படுக்கவைத்து, கீழிருந்து மேலே தள்ளுங்கள். தகடு நிமிர்ந்தால் சுவர் காயப்படும். நன்றாக ஊறியிருந்தால் நான்கைந்து போஸ்டர்கள் ஒரே சுருளாக, ஈரப் பாய் போல விழும். எங்கள் சுவரில் ஒருமுறை அப்படி விழுந்த சுருளைப் பிரித்துப் பார்த்தோம். மேலே இந்த ஆண்டு மாநாடு, அடியில் ஒரு காதணி விழா, அதற்கும் அடியில் முந்தைய தேர்தல். கீழ் அடுக்கிலிருந்து ஒரு தலைவர் அப்போது கூட்டணியில் இருந்தவரோடு கைகோத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தாள் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. சுவரைத் தடவிப் பாருங்கள். வழவழவென்றிருந்தால் பசை இன்னும் இருக்கிறது. அதன் மேல் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலத்துக்குள் உரியும். எறும்பு வரும். மாடு வந்து சுவரை நக்கும். இது வேடிக்கைக்காகச் சொல்வது அல்ல. பசைக்காகப் போஸ்டரை உரித்துத் தின்னும் மாட்டைப் பார்க்காதவர் இந்த ஊரில் இருக்க முடியாது. சுத்தத் தண்ணீரால் இரண்டு முறை கழுவி, வழவழப்பு போனதும் காயவிடுங்கள்.

உரித்தெடுப்பதற்கு முன் ஒரு வேலை: போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் படம் எடுத்து வையுங்கள். தேர்தல் காலத்துப் போஸ்டர், துண்டறிக்கை எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருந்தாக வேண்டும். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 127ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். "யாரோ ஒட்டிவிட்டார்கள்" என்று எழுதும் புகாருக்கும், முகவரியோடு எழுதும் புகாருக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே ஒருமுறை அனுப்பிப் பார்த்தால் புரியும்.

அறிகுறி: போஸ்டர் இருந்த இடம் கறுத்துப்போய் நீள்சதுரமாகத் தெரிகிறது

மேலே சொன்ன பசையைக் கழுவாமல் விட்டதன் பலன். மாவுச்சத்தும் ஈரமும் சேர்ந்து பூஞ்சை பிடித்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கலக்கித் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் தடவி, கால் மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். கையுறை அவசியம். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டையோ வேறு எந்த ஆசிட்டையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து வரும் குளோரின் வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். "இரண்டும் சேர்த்தால் சீக்கிரம் போகும்" என்று சொல்லும் ஆள் எல்லாத் தெருவிலும் ஒருவர் இருக்கிறார்.

அறிகுறி: சுவருக்கு வெள்ளையடித்து, மூலையில் "முன்பதிவு" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்

காலையில் எழுந்தால் உங்கள் சந்தன நிறச் சுவரின் நடுவே 30 அடிக்குச் சுண்ணாம்பு. ஓரத்தில் கட்சியின் பெயர், ஆண்டு. எழுதுபவர் பிறகு வருவார். இது துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான்.

இதில் மகிழ்ச்சியான செய்தியும் இருக்கிறது. எமல்ஷன் பூசிய சுவரில் சுண்ணாம்பு உள்ளே இறங்கிப் பிடிப்பதில்லை, மேலே படிந்து நிற்கிறது. அதன் மேல் கலர் பவுடரில் எழுதியதும் அப்படியே. தேங்காய் நார் பிரஷ்ஷால் உலரத் தேய்த்தாலே பெரும்பகுதி தூளாக உதிரும். மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள், சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் எரிச்சல் சாதாரணமாக இருக்காது. உதிர்ந்த பிறகு தண்ணீரில் கழுவி, கறுப்புத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் வெள்ளை ஏறுவது நிற்கும் வரை கழுவ வேண்டும்.

என்னுடைய இரண்டாவது சேதம் இங்கேதான் நடந்தது. கழுவும் செலவை மிச்சம் பிடிக்க நினைத்துச் சுண்ணாம்பின் மேலேயே இரண்டு கோட் எமல்ஷன் அடிக்கச் சொன்னேன். பெயின்டர் முணுமுணுத்தார், நான் கேட்கவில்லை. ஐப்பசி மழையில் சுவர் பாம்புச் சட்டை போல உரிந்தது. சுண்ணாம்புக்குக் கீழே பிடி இல்லாதபோது அதன் மேல் நிற்கும் பெயின்டுக்கு எங்கிருந்து பிடி வரும்?

தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டால் உங்களுக்குக் கொஞ்சம் துணை கிடைக்கும். அரசுக் கட்டடங்களில் உள்ள சுவரெழுத்து, போஸ்டர், பேனர் எல்லாவற்றையும் 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும். பஸ் நிலையம், பாலம், மின்கம்பம் போன்ற பொது இடங்களில் 48 மணி நேரம். தனியார் சுவர்களில் அனுமதியின்றி உள்ளவற்றுக்கு 72 மணி நேரம். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் யாருடைய மதிலிலும் எழுதவோ ஒட்டவோ கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அந்த மூன்று நாட்களில் மாநகராட்சி ஊழியர்கள் வெள்ளை வாளியோடு வருவார்கள். ஆனால் அவர்கள் கழுவுவதில்லை, மேலே இன்னொரு சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போவார்கள். எழுத்து மறையும், உங்கள் சுவரில் சுண்ணாம்பு இரண்டு அடுக்காகும். முடிந்தால் முந்திக்கொண்டு நீங்களே தேய்த்துவிடுங்கள்.

அறிகுறி: மேலே பெயின்ட் அடித்தும் எழுத்து மறுபடி எட்டிப் பார்க்கிறது

இது மார்க்கரின் வேலை. சில சிவப்பு எனாமல்களும் இப்படிச் செய்யும். மாடிப்படிச் சுவரில், லிஃப்டின் பக்கத்தில், பள்ளி விடுமுறை நாட்களில் அதிகம் முளைக்கும். மார்க்கர் மையில் உள்ள சாயம் புதிய பெயின்டின் ஈரத்தில் கரைந்து மேலே ஊறி வருகிறது. முதல் கோட் காய்ந்ததும் மறைந்தது போல இருக்கும். மறுநாள் காலை, சட்டைப் பையில் கசிந்த பேனா மாதிரி இளநீலத்தில் அதே பெயர் தெரியும். நான்கு கோட் அடித்தாலும் நான்கு முறை வரும்.

முதலில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால், வருகிற அளவுக்கு மையை எடுத்துவிடுங்கள். தேய்க்காதீர்கள், ஒற்றி, பஞ்சை மாற்றி, மறுபடி ஒற்ற வேண்டும். தேய்த்தால் எழுத்து போய்த் திட்டு வரும். மீதிக் கறையின் மேல் நேராக எமல்ஷன் போகாமல், நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். எண்ணெய் சார்ந்த பிரைமர் ஒரு கோட் அடித்து முழுக்கக் காய்ந்த பிறகு எமல்ஷன் அடித்தால் சாயம் மேலே வராது. வீட்டுக்குள் சிறிய இடம் என்றால், தச்சர்கள் கதவுக்கு அடிக்கும் பிரெஞ்சு பாலிஷே போதும். அது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அரக்கு சாயத்தைத் தாண்டவிடாது. மெல்லிதாக இரண்டு முறை, இடையில் காயவிட்டு அடியுங்கள். வெயிலும் மழையும் படும் வெளிச்சுவருக்கு இது ஆகாது.

எமல்ஷன் வாங்கும்போது டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் நிற எண்ணைக் குறித்துவையுங்கள். "அதே சந்தன நிறம்தான் சார்" என்று கடைக்காரர் தருவது ஒருநாளும் அதே சந்தன நிறமாக இருக்காது.

அறிகுறி: ஸ்டென்சில் வைத்து அடித்த தொலைபேசி எண்கள், ஸ்பிரே எழுத்துகள்

நியூயார்க்கில் ரயில் பெட்டிகளில் தங்கள் பெயரை அடித்தார்கள். நம் ஊரில் அந்த ஆர்வம் இன்னும் பெரிதாக வரவில்லை. இங்கே ஸ்பிரே டப்பாவை அதிகம் பயன்படுத்துபவர்கள் கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்யும் லாரிக்காரர்கள்தாம். தகரத்தில் எண்ணை வெட்டிவைத்துக்கொண்டு, தெருவுக்கு நாற்பது இடத்தில் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஸ்பிரே விஷயத்தில் நேரம்தான் எல்லாம். முதல் ஒன்றிரண்டு நாட்களில் எளிதாக வருவது, ஒரு வாரம் வெயிலில் காய்ந்தால் பிடிவாதமாகிவிடும். இரும்பு ஷட்டர், டைல்ஸ், கண்ணாடி ஆகியவற்றில் தின்னரைத் துணியில் எடுத்துத் துடைத்தால் போய்விடும். துடைத்த உடனே சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஷட்டரின் சொந்தப் பெயின்டும் மங்கும். எமல்ஷன் சுவரில் தின்னரை மறந்துவிடுங்கள். லேசாக உப்புத்தாள் போட்டு, பிரைமர் வைத்து, மேலே பெயின்ட் அடிப்பதே மலிவு. பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் வேண்டாம். மூடிய மாடிப்படி என்றால் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் டப்பாவையே திறக்க வேண்டும்.

மின்வாரியப் பெட்டியில், மின்கம்பத்தில் எழுதியதையோ ஒட்டியதையோ நீங்கள் தொடாதீர்கள். தண்ணீர் வாளியோடு அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போவதைவிட அந்த எண் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

அறிகுறி: செங்கல், கருங்கல், பழைய சுண்ணாம்புப் பூச்சு. எது போட்டாலும் கறை உள்ளேயே போகிறது

இந்த மூன்றும் துளைகள் உள்ளவை. மேலே திரவத்தை ஊற்றித் தேய்த்தால் நிறத்தை ஆழத்துக்கு அனுப்புகிறீர்கள். இங்கே தேவை உள்ளிருந்து வெளியே இழுப்பது. பற்றுப் போடுவது என்று நம் வீடுகளில் சொல்வோமே, வீக்கத்துக்குப் போடுவது, அதே உத்திதான். முல்தானி மெட்டி போன்ற மென்களிமண்ணைச் சோதனையில் எது வேலை செய்ததோ அந்தத் திரவத்தில், அதாவது ஸ்பிரிட்டிலோ தின்னரிலோ, தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, அரை அங்குலம் அப்பி, மேலே பாலிதீன் தாளை ஒட்டி சில மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டுக் காயவிடுங்கள். காயும்போது களிமண் கறையைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். மரக்கரண்டியால் தட்டி எடுங்கள். ஒரு தடவையில் போகாது. இரண்டு மூன்று முறை ஆகலாம்.

கட்டட வேலைக்காரர்கள் தரையில் ஊற்றும் ஆசிட்டைச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். நுரைத்துப் பொங்கும்போது "அழுக்கு வருகிறது" என்பார்கள். வருவது அழுக்கு அல்ல, சுவர். செங்கல்லும் அப்படித்தான். மணலை வேகமாகப் பீய்ச்சியோ அழுத்தம் மிகுந்த தண்ணீராலோ சுத்தம் செய்தால், சூளையில் வெந்து இறுகிய அதன் மேல் தோல் போய்விடும். அன்று பளிச்சென்றிருக்கும். அடுத்த மழையிலிருந்து பொரிந்து உதிரத் தொடங்கும். 1892இல் கட்டி முடித்த உயர் நீதிமன்றக் கட்டடம், எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற செந்நிறக் கட்டடங்கள் இவ்வளவு காலம் நிற்பது அந்தத் தோலின் தயவால்தான்.

அறிகுறி: மலைக் குகையில், கோயில் தூணில், பாறையில் பெயர்கள்

எதையும் செய்யாதீர்கள். இந்த வழிமுறையில் மிக எளிதான பகுதி இது. மிக அதிகமாக மீறப்படுவதும் இதுதான். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குகைகளில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே எனாமலில் இதயமும் இரண்டு பெயர்களும். நல்லெண்ணத்தோடு கம்பிப் பிரஷ் எடுத்துப் போகும் இளைஞர் குழு, காதலர்களோடு சேர்த்துக் கல்வெட்டையும் தேய்த்துவிடக்கூடும். ஆழமற்ற அந்தக் கீறல்கள் வெறும் கண்ணுக்குப் பாறையின் வெடிப்பு போலத்தான் தெரியும். மாமல்லபுரம், சித்தன்னவாசல் போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் இடங்களில் சிதைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010இல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். சுத்தம் செய்யப் போய்ச் சிதைத்தாலும் சிதைவு சிதைவுதான். படம் எடுத்துத் துறைக்கு எழுதுங்கள்.

கீழடிப் பானை ஓடுகளில் யாரோ கீறிவைத்த குறியீடுகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து வரிசையில் நின்று பார்க்கிறோம் என்பதும் நினைவுக்கு வராமலில்லை. அந்த மனிதர் தன் பானையில் கீறினார், நம் சுவரில் அல்ல என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன்.

அறிகுறி: அழித்த மறுநாளே மறுபடி வந்துவிடுகிறது

எங்கள் சுவருக்கு இருந்த உண்மையான நோய் இதுதான். என் மூன்றாவது சேதமும் இதில்தான். ஒவ்வொரு முறையும் எழுத்து இருந்த இடத்தை மட்டும் சதுரமாக வெள்ளையடிக்கச் சொன்னேன். ஓராண்டில் சுவர் முழுக்கச் சதுரங்கள். "நீங்கள் ஸ்லேட் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள் சார்" என்றார் பெயின்டர். திட்டுத்திட்டாக அடிக்காமல், தூணிலிருந்து தூண் வரை முழுக் கட்டத்தையும் அதே நிறத்தில் அடிக்க வேண்டும். எங்கே எழுத்து இருந்தது என்றே தெரியக் கூடாது. நிறமும் வெளிர் வேண்டாம்; அடர்ந்த செங்காவியோ பாசிப்பச்சையோ சுவரெழுத்துக்காரருக்கு இரட்டை வேலை வைக்கும்.

சாமி படம் போட்ட டைல்ஸ் பதிப்பது நம் ஊரின் கண்டுபிடிப்பு. பிள்ளையார், சிலுவை, மசூதி மூன்றையும் சமமாக இடைவெளி விட்டுப் பதித்தோம். சிறுநீர் கழிப்பது நின்றது, உண்மை. போஸ்டர் நிற்கவில்லை, டைல்ஸை மறைக்காமல், அவற்றுக்கு நடுவில் மரியாதையாக ஒட்டிவிட்டுப் போனார்கள். என்னைக் கேட்டால் அந்த நாற்றத்தின் நடுவே கடவுளைக் காவலுக்கு நிறுத்துவதைவிட, பக்கத்தில் ஒரு கழிப்பறை கேட்டு மாநகராட்சிக்கு எழுதலாம்.

பூச்சுக் கலவையில் பொடி ஜல்லி கலந்து சொரசொரப்பாக எறிந்து பூசினால் போஸ்டர் பிடிக்காது. ஆனால் தூசி பிடிக்கும். ஸ்பிரே விழுந்தால் எடுக்கவே முடியாது. எழுத்து ஒட்டாத மேற்பூச்சுகளும் வந்திருக்கின்றன. ஒரு வகை மெழுகு போன்றது. எழுத்தோடு சேர்த்து வெந்நீரில் கழுவிவிட்டு மறுபடி பூச வேண்டும். இன்னொன்று பாலியூரித்தேன் போன்ற நிலையான பூச்சு. எழுத்தை மட்டும் துடைக்கலாம், பூச்சு நிற்கும். விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் காகிதப்பூச் செடி நட்டோம். உள்ளிருந்து ஏறி வெளியே கவிந்து முள்ளும் பூவுமாகத் தொங்குகிறது. 60 அடிக்கு யாரும் கைவைப்பதில்லை.

நகரம் எடுத்த வழி ஓவியம். 2009, 2010 வாக்கில் அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர்களை அகற்றிவிட்டுப் பண்பாட்டுக் காட்சிகளை வரையவைத்தது மாநகராட்சி. பிளக்ஸ் வந்து பிழைப்பு போன பேனர் ஓவியர்களுக்கு அப்போது வேலை கிடைத்தது. 2020இல் கண்ணகி நகரின் அடுக்ககச் சுவர்களில் ஆளுயரத்துக்குப் பல மடங்கு பெரிய முகங்கள் வந்தன. ஓவியத்தின் மேல் ஒட்ட ஒட்டுபவருக்கே ஒரு தயக்கம் இருக்கும். ஆனால் ஓவியம் வெளுத்து, ஓதத்தில் பொரிந்துவிட்டால் அந்தத் தயக்கமும் போய்விடும். வரைவதற்கு முன் சுவரின் ஓதத்தைச் சரிசெய்யாமல் பிரஷ் எடுக்கும் திட்டங்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

சட்டமும் இருக்கிறது. திறந்தவெளி இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மெட்ரோ ரயில் வளாகங்களில் எழுதுவதையும் ஒட்டுவதையும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சென்னையில் மாநகராட்சிக்குப் புகார் சொல்லத் தொலைபேசி எண் 1913. படம், இடம், நாள், போஸ்டரின் அடிவரி நான்கும் சேர்த்துக் கொடுங்கள். ஸ்டென்சில் எண்ணுக்கு நானே பேசியும் பார்த்தேன். "உங்களுக்குத் தொட்டி சுத்தம் செய்ய வேண்டுமா சார்?" என்றார். வேண்டாம், சுவரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார். ஆனால் அந்த எண் மறுபடி எங்கள் சுவரில் வரவில்லை.

கடைசியாகக் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்கள். இவற்றை மற்றவற்றோடு சேர்த்து ஊறவைத்துத் தள்ள எனக்கு மனம் வந்ததில்லை. கோடி வீட்டுப் பெரியவரின் முகத்தைத் தகட்டால் சுரண்டுவதை அவர் பேரன் பஸ்ஸுக்கு நின்றபடி பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலைக்குப் பிறகு, சங்கத்தில் பேசி, பஸ் நிறுத்தத்தின் பக்கம் மரச்சட்டமிட்ட பலகை ஒன்று வைத்தோம். நான்கு அடிக்கு மூன்று அடி, மேலே சிறு தகரக் கூரை. பசை கிடையாது, குத்தூசிதான். பதினாறாம் நாள் வரை இருக்கலாம். அச்சகக்காரருக்கும் சொல்லிவைத்தோம். சுவரில் ஒட்டுவது முழுக்க நிற்கவில்லை, பெருமளவு குறைந்தது. போன மாதம் ஒரு குடும்பத்திலிருந்து பதினாறாம் நாள் காலை வந்து, நான்கு ஊசிகளையும் பிடுங்கித் தாளைக் கிழியாமல் சுருட்டி எடுத்துப் போனார்கள். இத்தனை ஆண்டுகளில் அந்த மதிலிலிருந்து ஒரு போஸ்டர் முழுதாகப் போனதை அன்றுதான் பார்த்தேன்.